டொரதி என்று ஒருத்தி இருந்ததில்லை

புத்தகம் தபாலில் வந்தது. மெல்பேர்ணின் புறநகரான ரோவிலில் இருக்கும் தன் வீட்டுக் குசினியில் நின்றபடியே குணவதி உறையைக் கிழித்தாள். அண்ணன் ரொட்னி ஓய்வு பெற்ற நாளிலிருந்து எழுதிக்கொண்டிருந்த குடும்ப வரலாறு அது. ‘வான் ஹெக்கன்கள்: மூன்று கண்டங்கள், ஒரு குடும்பம்’ என்று அட்டையில் பொன்னிற எழுத்து. நடுவில் பளபளப்பான தாளில் படங்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் அவர்களுடைய அம்மாவைப் பற்றி ஒரு பந்தி.

“டொரதி வான் ஹெக்கன். தெய்வபக்தி மிக்கவர், மென்மையான சுபாவம் கொண்டவர். 1963இல் கொழும்பில் காலமானார்.”

குணவதி அடுப்பை நிறுத்தினாள். மீன்குழம்பை இறக்கி வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துவிட்டு அந்தப் பந்தியைத் திரும்பவும் வாசித்தாள். டொரதி என்று ஒருத்தி அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அவளுடைய அம்மாவின் பெயர் இராஜேஸ்வரி. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண், பள்ளிக்கூட ஆசிரியை. அவர் செத்தது கொழும்பிலும் இல்லை, 1963இலும் இல்லை. 1995இல், ஊரே இடம்பெயர்ந்து ஓடியபோது, கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலோடு படுத்துச் செத்தார். அது இந்தப் பந்தியை எழுதியவனுக்கும் நன்றாகத் தெரியும்.

இந்தப் பொய் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

அப்பா எர்னஸ்ட் வான் ஹெக்கன் யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் வேலை பார்த்த, ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் வழிவந்த பறங்கியர். இராஜேஸ்வரியைக் காதலித்து, இரண்டு வீட்டாரையும் பகைத்துக்கொண்டு கல்யாணம் செய்தார். ரொட்னி பிறந்தான், நான்கு வருடம் கழித்து குணவதி பிறந்தாள். பிள்ளைகள் இருவரும் அப்பாவின் நிறம். சிங்களம் மட்டும்தான் அரச மொழி என்று ஆனபிறகு பறங்கியர்கள் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எர்னஸ்டுக்கும் ஆசை வந்தது. ஆனால் அந்தக் காலத்து அவுஸ்திரேலியா கறுப்புத் தோலை உள்ளே விடாது. பறங்கியருக்கு ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது. முக்கால் பங்கு ஐரோப்பிய இரத்தம் ஓடுகிறது என்று காட்டவேண்டும். பார்வைக்கும் அப்படி இருக்கவேண்டும்.

எர்னஸ்ட் தன் பக்கத்து ஒல்லாந்தப் பரம்பரையைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கிக் காட்டினார். பிள்ளைகளின் அம்மா என்று, தன் ஒன்றுவிட்ட சகோதரனின் மனைவியை, 1963இல் கொழும்பில் பிள்ளையில்லாமல் இறந்துபோனவளைக் காட்டினார். அவள்தான் டொரதி. செத்தவள் எதிர்த்துப் பேசமாட்டாள். உயிரோடு இருந்தவளிடம், “நாங்கள் முதலில் போகிறோம், வீடு வாசல் பார்த்ததும் உன்னைக் கூப்பிடுகிறேன்” என்று சொல்லி, யாழ்ப்பாணம் ரெயில் மேடையிலேயே நிறுத்திவிட்டுப் போனார். அப்போது குணவதிக்கு ஆறு வயது. ரொட்னிக்குப் பத்து.

மெல்பேர்ணில் வந்து இறங்கிய பிறகு குணவதி ‘க்வென்’ ஆனாள். அம்மா அடுத்த கப்பலில் வருவா என்றார்கள். பிறகு, அம்மா செத்துப்போனா என்றார்கள். அப்பா ஒரு வெள்ளைக்காரியைக் கட்டினார். அந்த வீட்டில் தமிழ் என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு மறதி லேசாக வரும். அவளுக்கு அம்மாவின் முகம் போயிற்று, குரல் போயிற்று, மொழி போயிற்று.

அவளுக்கு உண்மை தெரிந்தது இருபத்தொன்பது வயதில். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டண்டினோங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தாள். சண்டைக்குத் தப்பி அப்போதுதான் வந்திருந்த தாட்சாயினி என்ற பெண், வீங்கிய கன்னத்தோடு மேசைக்கு முன்னால் வந்து நின்று, அவளுடைய பெயர்ப்பட்டையை உற்றுப் பார்த்தாள்.

“வான் ஹெக்கன்?” என்றாள், தெரிந்த அளவு ஆங்கிலத்தில். “எங்கள் ஊரிலும் இருக்கிறார். வான் ஹெக்கன் ரீச்சர். எனக்குப் படிப்பித்தவர். தமிழ் அம்மாதான். புருசன் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியா போனவர், திரும்பி வரவில்லை என்று சொல்வார்கள்.”

“இருந்தாரா, இருக்கிறாரா?” என்று கேட்டாள் குணவதி.

“இருக்கிறார். போன மாதமும் கண்டேன்.”

வேலை முடிந்ததும் நேரே ரொட்னியின் வீட்டுக்குப் போனாள். அண்ணனும் தங்கையும் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அன்றும் அப்படித்தான். ரொட்னி அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உப அதிபர். புல்வெட்டிக்கொண்டிருந்தவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

“அம்மா உயிரோடு இருக்கிறார்,” என்றாள்.

அவன் திடுக்கிடவில்லை. வீட்டு யன்னலைத்தான் பார்த்தான், உள்ளே மனைவிக்குக் கேட்டுவிட்டதோ என்று.

“எனக்குத் தெரியும்,” என்றான்.

அன்றைக்கு மூண்ட கோபம் இன்றுவரை அணையவில்லை.

அவள் யாழ்ப்பாணம் போனாள். இந்திய இராணுவம் தெருவுக்குத் தெரு நின்ற காலம். சுண்டிக்குழியில், இரண்டு அறை வாடகை வீட்டில், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி கதவைத் திறந்தார். குணவதிக்குத் தமிழ் வராது. இராஜேஸ்வரி ஆங்கில ஆசிரியை என்பதால் தாயும் மகளும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தாள். அந்த அம்மா அழவில்லை. கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, “உன் அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லாதே. ரொட்னி எப்படி இருக்கிறான்?” என்று கேட்டார். இருந்த ஒரு கிழமையும் ரொட்னி, ரொட்னி. அவன் நன்றாகப் பாடுவான், இப்போதும் பாடுகிறானா? தேவாரமும் ஞானப்பாட்டும் சேர்த்து என்னிடம் படித்தவன், தமிழ் மறந்துவிட்டானா?

“எல்லாம் மறந்துவிட்டான் அம்மா, என்னைப் போல,” என்றாள் குணவதி. அவளுக்கு அப்போது தெரிந்ததைத்தான் சொன்னாள்.

திரும்பி வந்து அம்மாவைக் கூப்பிட விண்ணப்பம் போட்டாள். உங்கள் தாயார் 1963இல் இறந்துவிட்டார் என்று குடிவரவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அப்பா கொடுத்த தாள்களில் அப்படித்தான் இருந்தது. வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். விவரம் தெரிந்த வயதில் இருந்த மூத்த பிள்ளை, இராஜேஸ்வரிதான் எங்கள் தாய் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக.

ரொட்னி மறுத்துவிட்டான். “பொய் சொல்லி வந்தவர்கள் என்று எல்லோருடைய குடியுரிமையையும் பறித்தால் என்ன செய்வாய்? என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். நான் அதிபராகப் போகிறேன்.” அவள் கெஞ்சினாள். கத்தினாள். அவன் பிள்ளைகளின் பிறந்தநாளன்று வாசலில் போய் நின்றாள். பலிக்கவில்லை. வருடங்கள் ஓடின. பிறகு அந்த ஒக்டோபர் வந்தது, சனம் யாழ்ப்பாணத்தைக் காலி செய்தது, கிளிநொச்சியில் அந்த விறாந்தை. செய்தி வந்து சேர்ந்தபோது எட்டுச்செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும்கூட முடிந்திருந்தது.

‘க்வென்’ என்ற பெயரை அவள் சட்டப்படி மாற்றினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு சின்னக் கதிரையில் உட்கார்ந்து அ, ஆ படித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டாள். சிறிதரன் என்ற யாழ்ப்பாணத்தவரை மணந்தாள். அவர் இப்போது இல்லை. மகள் துவாரகா இருக்கிறாள். படகில் வந்த பெடியன்களைப் பார்க்கவென்று வருடத்தில் இரண்டு மூன்று தடவை சிட்னிக்குப் போய் வில்லாவுட் தடுப்பு முகாமில் உட்கார்ந்திருப்பாள். உடம்பில் ஷெல் துண்டோடு இருப்பவனிடம், நீ சொல்வதை நம்பமாட்டோம், ஆதாரம் எங்கே என்று கேட்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரியும். எங்கள் வீட்டார் சொன்னது முழுப்பொய். அதற்கு இந்த நாடு துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி, தேநீர் கொடுத்து வரவேற்றது. பெடியன்கள் உண்மையைச் சொல்லிவிட்டுக் கம்பிக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நெஞ்சில் கிடக்கத்தான் இந்தப் புத்தகம் வந்தது. தெய்வபக்தி மிக்க, மென்மையான டொரதி.

புத்தகத்தின் பெரும்பகுதி அம்மாவைப் பற்றியது அல்ல, யாரைப் பற்றியும் அல்ல, ஏட்ரியன் வான் ஹெக்கனைப் பற்றியது. ரொட்னியின் கண்ணில் அவர்தான் குலத்தின் முதல் மனிதர். ஹாலந்தில் ஒரு பாண் பேக்கரிக்காரனின் மகன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததால் ஒல்லாந்த வணிகக் கம்பெனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இன்றைக்கு நியூயோர்க் என்று சொல்லும் ஊர் அப்போது ஒல்லாந்தரின் நியூ அம்ஸ்ரடாம். மரக்கோட்டை, பன்றி திரியும் தெரு, காற்றாலை. அங்கே அவர் வரி அதிகாரியாக உயர்ந்தார். ஆற்றங்கரையில் செங்கல் வீடு கட்டினார். பூர்வகுடிகள் தங்கள் சோளத்தில் வரி கட்டவேண்டும் என்று அவர்கள் நிலத்துக்கே போய் நின்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து பீரங்கியைத் திருப்பியதும், சரணடைவோம் என்று கையெழுத்துப் போட்டவர்களோடு சேர்ந்து போட்டார். அடுத்த மாதமே ஆங்கிலேய ராசாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்து, வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார். இளைய மகன் பீட்டர் ஹாலந்துக்குத் திரும்பி, கிழக்கே போகும் கம்பெனியில் சேர்ந்து, யாழ்ப்பாணக் கோட்டைக்கு வந்து யானை ஏற்றுமதி பார்த்தான். அந்த வழியில் வந்ததுதான் இலங்கைக் கிளை.

‘திறமையான நிர்வாகி, காலத்துக்கேற்ப வளைந்து கொடுத்தவர்’ என்று ரொட்னி எழுதியிருந்தான். அந்த இடத்தில் குணவதி தனியே சிரித்தாள். வளைந்து கொடுப்பது நன்றாகத்தான் வழிவழியாக இறங்கி வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

வெளியீட்டு விழாவுக்கு அவளைப் போகவேண்டாம் என்று துவாரகா தடுத்துப் பார்த்தாள். “அம்மா, யூ வில் ஒன்லி கெட் அப்செட்.”

“நான் இப்பவே அப்செட்தான். காரை எடு.”

டண்டினோங்கில் ஒரு மண்டபம். வாழையிலையில் கட்டிய லம்பிறைஸ் சோற்றின் வாசனை வாசல்வரை வந்தது. மெல்பேர்ண் பறங்கிக் குடும்பங்கள் பல திரண்டிருந்தன, பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். ரொட்னி கோட்டும் சூட்டுமாக, கையில் பூங்கொத்தோடு வாசலில் நின்றான். அமெரிக்காவிலிருந்து ஒரு உறவுக்காரி வருகிறாள், பெயர் லொரேன் வான் ஹெக்கன், ஹட்சன் ஆற்றங்கரையில் பழைய ஒல்லாந்த ஊர் ஒன்றில் இருக்கிறாள், மரபணுப் பரிசோதனையில் பொருந்தி, ஒரு வருடமாக மின்னஞ்சலில் பழக்கம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். இன்றைய விழாவின் மகுடமே அவள்தான்.

வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. மஞ்சள் சட்டை போட்ட, உயரமான கறுப்பினப் பெண் ஒருத்தி இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். ரொட்னி அவளைத் தாண்டிக்கொண்டு போய், காருக்குள் குனிந்து இன்னொரு ஆள் இருக்கிறாரா என்று பார்த்தான்.

பூங்கொத்து அவன் கையிலேயே இருந்தது. அந்தப் பெண் அவன் முதுகைப் பார்த்தபடி பொறுமையாக நின்றாள். இது அவளுக்குப் புதிதல்ல என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.  குணவதி விறுவிறுவென்று நடந்துபோய் அவள் கையைப் பிடித்தாள்.

“லொரேன்தானே? நான் குணவதி. ரொட்னியின் தங்கை. உள்ளே வாருங்கள். அவனுக்குக் கண் பார்வை எப்போதும் கொஞ்சம் குறைவு.”

ரொட்னி சமாளித்துக்கொண்டு வந்து பூவைக் கொடுத்தான், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். பேச்சாளர் பட்டியலில் பெயர் அச்சாகிவிட்டதால் அவளை மேடையேற்றாமல் விடவும் முடியவில்லை.

லொரேன் தாளைப் பார்க்காமல் பேசினாள். “உங்கள் ஏட்ரியன் என்னுடைய ஏட்ரியனும்தான். அவரால் எனக்கு வந்தது இந்தப் பெயர் மட்டும்தான். நான் வந்தது மரியாவின் வழியில். அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்டவள். கம்பெனியின் அடிமை. ஏட்ரியன் வீட்டில் வேலை செய்தாள். அவருக்குப் பிள்ளைகளும் பெற்றாள். வயதானதும் கம்பெனி அவளை விடுதலை செய்தது. ஆனால் அது அரை விடுதலை. அவள் போகலாம், பிள்ளைகள் போகமுடியாது. பிள்ளைகளும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் கம்பெனிக்குத்தான் சொந்தம். அந்த ஒழுங்கை நடத்திய அதிகாரிகளில் ஏட்ரியனும் ஒருவர். தன் சொந்தப் பிள்ளைகளை. எங்கள் வீட்டில் இதை யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. தாய் மகளுக்குச் சொன்னாள், அவள் தன் மகளுக்குச் சொன்னாள். மரியாவின் பெயரை நாங்கள் ஒரு நாளும் கீழே விடவில்லை.”

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். ரொட்னி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான். “மிகவும் சுவாரசியமான தகவல். அந்தந்தக் காலத்தை அந்தந்தக் காலத்தின் கண்ணால்தான் பார்க்கவேண்டும், இல்லையா?” என்று சொல்லிவிட்டு, பேச்சைத் திருப்ப அவசரப்பட்டு, கைக்கு அகப்பட்ட பக்கத்தை எடுத்தான். “பெண்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால், எங்கள் அன்புத் தாயார் டொரதியைப் பற்றி…”

குணவதி எழுந்தாள். கதிரை பின்னால் விழுந்தது. துவாரகா அம்மாவின் சேலையைப் பிடித்திழுக்கவில்லை.

“நிறுத்து ரொட்னி.”

அவளுக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. “டொரதி என்று எங்களுக்குத் தாய் இல்லை. எங்கள் தாயின் பெயர் இராஜேஸ்வரி. தமிழ்ப் பெண். கறுப்பு நிறம். எங்களை இந்த நாட்டுக்குள் கொண்டுவருவதற்காக அப்பா அவரை ரெயில் மேடையில் விட்டுவிட்டு வந்தார். 1963இல் அவர் சாகவில்லை. அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் உயிரோடு இருந்தார். கூப்பிட ஒரு கையெழுத்துத்தான் தேவைப்பட்டது. அதை இவன் போடவில்லை. இப்போது இல்லாத ஒருத்திக்குத் தெய்வபக்தி இருந்தது என்று வாசிக்கிறான். வெட்கமில்லையா உனக்கு?”

“என் சகோதரிக்கு உடம்பு சரியில்லை,” என்றான் ரொட்னி சபையைப் பார்த்து.

அவளை உண்மையில் சுட்டது அவன் சொன்னது அல்ல. சபையின் மௌனம். அவ்வளவு பேரும் தட்டையும் மடியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிர்ச்சி அடைந்தவர்களின் மௌனமாக அது தெரியவில்லை. தங்கள் வீட்டு அலமாரியையும் யாரோ திறந்துவிடப்போகிறார்கள் என்று பயந்தவர்களின் மௌனமாக இருந்தது. முகம் கழுவப் போன இடத்தில், முத்துமாலை போட்ட கிழவி ஒருத்தி அவள் தோளைத் தொட்டு, “எங்கள் அம்மா கண்டிச் சிங்களத்தி. விசா அதிகாரி வீட்டுக்கு வந்த அன்று அவரை ஆயா என்று சொல்லித் தேநீர் கொண்டுவர வைத்தோம்,” என்று சொன்னாள். சொல்லிவிட்டு உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். இதை மண்டபத்தில் எழுந்து சொன்னால் என்ன என்று குணவதிக்குக் கத்தவேண்டும்போல இருந்தது.

கார் தரிப்பிடத்தில் ரொட்னி அவளைப் பிடித்துக்கொண்டான். முகம் சிவந்திருந்தது.

“எழுபது வயதில் என்னைச் சந்தியில் நிறுத்திவிட்டாய். திருப்தியா?”

“இல்லை. இன்னும் இல்லை.”

“என் மனைவிக்கே தெரியாது. என் பிள்ளைகளுக்குத் தெரியாது. இனி அவர்களுக்கு நான் என்ன சொல்வது?”

“உண்மையைச் சொல். உனக்கு ஒரு தாய் இருந்தார், அவர் என்னிடம் ஒரு கிழமை முழுக்க உன்னைப் பற்றியே கேட்டார், நீ அவரைச் சாகவிட்டாய் என்று சொல்!”

ரொட்னியின் வாய் திறந்தது. இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. பிறகு அதிலிருந்து வந்தது ஆங்கிலம் இல்லை.

“எனக்குப் பத்து வயசடி! நான் என்ன செய்ய? கப்பலிலை வைச்சு அப்பா சொன்னவர், நீ ஒரு சொல்லுத் தமிழ் கதைச்சியெண்டா தங்கச்சியைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு. உன்னைத்தான் அனுப்புவாங்கள் எண்டு. நான் வாயைத் திறக்கேல்லை. நித்திரையிலை கதைச்சுப்போடுவன் எண்டு பயந்து வாய்க்குள்ளை துணியை வைச்சுக்கொண்டு படுத்தனான்!”

அது வகுப்பில் படித்த தமிழ் இல்லை. குணவதியின் தமிழ் முப்பது வயதுக்குப் பிறகு இரவல் வாங்கியது, இன்றைக்கும் ழகரத்தில் நாக்குத் தடுக்கும், கடைக்காரர்கள் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். இவனுடையது அப்படியே, பழுதில்லாமல், யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து நேற்று எடுத்து வந்ததுபோல இருந்தது. அறுபது வருடமாக இதை உள்ளே வைத்துக்கொண்டா இவன் புல் வெட்டினான், பரிசளிப்பு விழாவில் பேசினான், அவள் பாலர் வகுப்புக்குப் போனதைக் கேட்டுச் சிரித்தான்?

“உனக்குத் தமிழ் தெரியும்,” என்றாள்.

“ஓம்.”

“முழுக்கத் தெரியும்.”

“ஓம். மறக்கேல்லை. மறக்க ஏலேல்லை.”

“நான் அம்மாட்டைச் சொன்னனான், நீ மறந்திட்டாய் எண்டு. அந்த மனிசி அதை நம்பிக்கொண்டு செத்தவ.”

அவன் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு விம்மினான். துவாரகாவும் லொரேனும் சற்றுத் தள்ளி நின்றார்கள். லொரேனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனாலும் அவள் முகத்தைத் திருப்பவில்லை.

பத்து வயதுப் பையன் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு படுத்திருப்பதைக் குணவதியால் பார்க்க முடிந்தது. அவனை அள்ளி எடுக்கவேண்டும்போலவும் இருந்தது. அவள் அள்ளி எடுக்கவில்லை.

“பத்து வயசிலை செய்ததுக்கு உன்னிலை எனக்குக் கோவமில்லை,” என்றாள், தன் தடுக்கும் தமிழில், ஒவ்வொரு சொல்லாக. “என்னைக் காப்பாத்தினனி. சரி. ஆனா நான் வந்து கையெழுத்துக் கேக்கேக்கை உனக்கு முப்பத்திமூண்டு வயசு. அப்ப உன்ரை வாய்க்குள்ளை ஒருத்தரும் துணி வைக்கேல்லை.”

 அவள் காரில் ஏறினாள். லொரேனையும் ஏற்றிக்கொண்டாள்.

லொரேன் மூன்று நாள் ரோவிலில் தங்கினாள். குணவதியின் மீன்குழம்பைப் பாணோடு சாப்பிட்டாள். இருவரும் அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம். ஏட்ரியனைத் திட்டினார்கள், எர்னஸ்டைத் திட்டினார்கள். அங்கே தாயை விட்டுப் பிள்ளைகளைப் பிடித்து வைத்தார்கள், இங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து தாயை விட்டார்கள், எந்த ஊரிலும் கையெழுத்து இவர்களுடையது என்றாள் குணவதி. லொரேன் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். தன் வீட்டார் இணையத்தில் வைத்திருக்கும் குடும்ப மரத்தில், மரியாவின் பெயர் இருக்கும் அதே மரத்தில், டொரதியை வெட்டிவிட்டு இராஜேஸ்வரியை ஏற்றினாள். எழுத்துக்கூட்டலைத் துவாரகா பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தாள்.

ரொட்னி மிச்சப் பிரதிகளை விற்கவில்லை. கொடுத்தவற்றைத் திரும்ப வாங்க முடியவில்லை. அவை மெல்பேர்ண் வீடுகளில் கோப்பி மேசைகளில் கிடக்கின்றன. மனைவி அவனோடு பல நாள் பேசவில்லை என்று துவாரகா மூலம் கேள்வி. மூத்த பேரன் ஒருவன், எனக்கும் தமிழ் இரத்தமா என்று கேட்டு உற்சாகப்பட்டானாம். அதைக் கேட்டும் குணவதிக்கு எரிச்சல்தான் வந்தது. பெடியனுக்கு எவ்வளவு லேசாகக் கிடைத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டு ரொட்னி ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். அவள் வலைக்கதவைத் திறக்காமலே, “எனக்கு உன்னை மன்னிக்க ஏலாது. முயற்சி செய்யவும் போறதில்லை,” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்னதில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவன் தொலைபேசியில் அழைக்கிறான். அவள் சில கிழமை எடுப்பதில்லை, சில கிழமை எடுக்கிறாள். எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். அம்மாவோடு அவள் வாழ்ந்த ஆறு வருடத்தை நினைவு வைத்திருக்கிற ஒரே ஆள் உலகத்தில் அவன்தான். அவனை விட்டால் கேட்க ஆள் இல்லை.

“சுகமே?” என்று அவன் தொடங்கினால் அவள் பதில் சொல்வதில்லை.

“என்னை அம்மா பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறவ?” என்று நேரே கேட்கிறாள்.

“சைக்கிளிலை,” என்கிறான் ரொட்னி. “முன்னுக்கு ஒரு கூடை கட்டியிருந்தது. நீ அதுக்குள்ளை இருப்பாய், நான் பின்னாலை ஓடி வருவன். சந்தியிலை நாய் ஒண்டு. அம்மாக்குப் பயம், ஆனா காட்டமாட்டா. நாயைப் பாத்து ஆங்கிலத்திலை பேசுவா.”

“என்ன பேசுவா?”

அவன் சொல்கிறான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள். கேட்டு முடிந்ததும் நன்றி சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிடுகிறாள்.